இந்தியர் எவரும் கிடைக்கவில்லை

ஃபேக்டரியில் தேயிலை பக்குவம் பார்க்கும் டீமேக்கர் ஐயாவை 'வெளிநாட்டவர்' என்று முதல் தடவை டைப் அடித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பேசியது என் அம்மா பேசும் தமிழ். அவருடைய அப்பாவின் ஊர் சங்கரன்கோயில் பக்கம். எங்கள் ஆட்கள் புறப்பட்டு வந்த ஊரிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம் என்று அம்மா சொல்லுவாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கடல் தாண்டித் தேயிலைக்குப் போயிருக்கிறது, இன்னொரு குடும்பம் மலை ஏறித் தேயிலைக்கு வந்திருக்கிறது. ஆனால் அவர் பெட்டிக்குள் இருந்தது சிலோன் பாஸ்போர்ட். அதனால் வருஷா வருஷம் அவருக்காக நான் நாலு காப்பி விண்ணப்பம் அடிக்க வேண்டியிருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கேரளத்து மலையில், ஏலப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். வயது இருபத்திரண்டு. அம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து போய் ஆபீசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் நான்தான். மேனேஜருக்கு அதில் தயக்கம் இருந்தது. "லயத்துப் பெண்ணு ஆபீஸ் விஷயமெல்லாம் வெளியே சொல்லிடுமோ?" என்று கேட்டாராம். பக்கத்தில் நின்ற டீமேக்கர்தான், "தொரை, கையெழுத்தையும் ஸ்பீடையும் பாருங்க. எந்த வீட்டுப் புள்ளைன்னு பாக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். இது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். அவராக ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் ஃபேக்டரித் தேயிலை அவர் வருவதற்கு முன்பு கொச்சி ஏலத்தில் சீந்துவாரில்லாமல் கிடந்ததாம். பழைய டீமேக்கர் இறந்துபோன பிறகு வந்தவர்கள் எல்லோரும் இலையைக் கருக்கினார்கள், இல்லையென்றால் பச்சை வாடையோடு பெட்டியில் அடைத்தார்கள். எஸ்டேட் முதலாளிக்கு சிலோனில் யாரோ பழக்கம். அங்கே தோட்டங்களையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த சமயம். முப்பது வருஷம் டீமேக்கராக இருந்த ஒருவர் அடுத்த மாதம் வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வேலை விசா வாங்கி இவரை வரவழைத்தார்கள். வந்த ஆறே மாதத்தில் எங்கள் தேயிலைக்குப் பெயர் திரும்பி வந்தது.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஒல்லி. காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை கம்பளிக் காலுறை. ஓரிடத்தில் நிற்க மாட்டார். இலை வாட்டும் மாடியில் இருப்பார், கண்ணை மூடித் திறந்தால் ரோலர் பக்கத்தில் இருப்பார், அங்கே போய்த் தேடினால் டிரையர் வாயில் கையை நீட்டிக்கொண்டிருப்பார். நிறம் மாறுகிற இலையை ஒரு பிடி அள்ளி முகத்துக்குக் கொண்டுபோவார், உடனே உதறிவிட்டு நடப்பார். மத்தியானம் தபால் வரும் நேரத்துக்கு ஆபீஸ் ஜன்னலில் அவர் தலை தெரியும்.

"புள்ள, கோட்டயத்துல இருந்து துண்டு ஏதும் வந்துச்சா?"

ஆபீசைக் 'கந்தோர்' என்பார், எந்தக் காகிதமாக இருந்தாலும் 'துண்டு' என்பார். முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு எங்கள் வாயிலும் அது வந்துவிட்டது.

இடுக்கி ஜில்லா பிரித்துக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. ஜில்லா பெயர் மலையில், ஆபீஸ் மட்டும் கீழே கோட்டயத்தில். குட்டிக்கானம் இறங்கி, முண்டக்கயம் தாண்டி, அரை நாள் பஸ். டீமேக்கரின் தங்கும் அனுமதி முடிவதற்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பம் அங்கே போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து டெல்லி. பதில் வரும்வரை அவர் அரை மனிதராகத்தான் இருப்பார். கம்பத்துக்குப் போய் ஒரு ஜோடி செருப்பு வாங்கக்கூட யோசிப்பார். கம்பம் தமிழ்நாடு, சொல்லாமல் கொள்ளாமல் போனான் என்று எவனாவது எழுதிப் போட்டால்?

ஒருமுறை கேட்டேன், "ஐயா, அங்க இருந்து எத்தனையோ பேரு இந்தியாப் பாஸ்போர்ட்டோட கப்பல்ல வாறாங்களே. உங்களுக்கு மட்டும் ஏன் சிலோன்?"

"எங்க அப்பா ஒரு நாள் ஒரு பாரத்துல கையெழுத்துப் போட்டாரு. பக்கத்து லயத்துக்காரரு இந்தியாவுக்குப் போற பாரத்துல போட்டாரு. அவ்வளவுதான். எங்க அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கும் தெரியாது" என்றார்.

அவருடைய மனைவி அங்கேயே இருந்தார். ஒரே மகளுக்குக் கல்யாணமாகி ஹட்டன் பக்கம். இரண்டு வருஷம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் வருஷம் மனைவியையும் வரவழைக்க முடிவு செய்தார். அனுமதி நீட்டிப்போடு சேர்த்தே மனைவிக்கும் விசா கேட்கலாம் என்று மேனேஜர் சொன்னார். அன்றிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. குவார்ட்டர்ஸ் சமையலறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். பின்பக்கம் 'போஞ்சி' என்று அவர் சொல்லும் பீன்ஸுக்குக் கொடி கட்டினார். அம்மிக்கல் நல்லதாக எங்கே கிடைக்கும் என்று என் அம்மாவிடம் வந்து கேட்டார். ஃபேக்டரியில் அவ்வளவு பேரை விரட்டி வேலை வாங்குகிறவர் அம்மிக்கல்லைப் பற்றி அவ்வளவு வெட்கத்தோடு கேட்டது அம்மாவுக்கு ரொம்ப நாள் பேச்சாக இருந்தது.

அந்த மூன்றாம் வருஷம்தான் சட்டம் கொஞ்சம் இறுகியது. எமர்ஜென்சி வந்து, ஆபீசுகளில் எல்லோரும் மணியடித்த மாதிரி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலம் அது. விண்ணப்பத்தில் ஒரு வரி எப்போதுமே உண்டு. இந்த வேலைக்குத் தகுதியான இந்தியர் எவரும் கிடைக்கவில்லை என்று எஸ்டேட் உறுதி சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அதை அப்படியே அடித்து மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. இப்போது பத்திரிகையில் விளம்பரம் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும், வேலைவாய்ப்பு ஆபீசுக்கு எழுதிக் கேட்டதற்கும் அத்தாட்சி வேண்டும் என்றார்கள். இரண்டும் செய்தோம். விளம்பரத்துக்கு யாரும் வரவில்லை. டீமேக்கர் வேலைக்கு எவன் விளம்பரம் பார்த்து வருவான் என்று மேனேஜர் சிரித்தார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை. மேனேஜர் தோட்டத்தில் ஒரு டிவிஷன் பார்க்கப் போயிருந்தார். தபால் பையை நான்தான் பிரிப்பேன். வேலைவாய்ப்பு ஆபீசிலிருந்து ஒரு கவர். உள்ளே அவர்களுடைய அரைப் பக்கக் கடிதம், அதோடு பின் குத்தி, கோடு போட்ட தாளில் தமிழில் எழுதிய ஒரு விண்ணப்பம்.

எழுதியவர் சக்குபள்ளத்தில் ஒரு ஏலத்தோட்டத்தில் இருந்தார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடும் வேலை. அதற்கு முன்பு சிலோனில் பதினொரு வருஷம் உதவி டீமேக்கர். கடைசி இரண்டு வருஷம் ஃபேக்டரி முழுக்க அவர் பொறுப்பில். குடும்பத்தோடு கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, இங்கே வந்து சேர்ந்தவர். இந்தியப் பாஸ்போர்ட் நம்பர் எழுதியிருந்தார். 'எந்த வேலை கொடுத்தாலும் தேயிலை வாசத்தில் இருக்கச் சித்தமாயிருக்கிறேன்' என்று முடித்திருந்தார்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். அந்த மாதம் டீமேக்கரின் மனைவிக்கான விண்ணப்பமும் சேர்ந்து போயாக வேண்டும். இந்தக் கோடு போட்ட தாள் மேனேஜர் மேசைக்குப் போனால் அந்த வரியில் அவர் கையெழுத்துப் போட முடியாது. போடாவிட்டால் டீமேக்கர் கப்பல் ஏற வேண்டியதுதான்.

யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யோசித்து முடிவெடுத்தேன் என்றும் சொல்ல முடியாது. கவரை மடித்து, தீர்ந்துபோன கார்பன் தாள் போடும் டப்பாவுக்குள் வைத்து மூடினேன். தபால் பதிவேட்டில் அந்த ஒரு வரியை எழுதவில்லை. அப்புறம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அந்த வாரம் நாலு காப்பியும் அடித்தேன். 'தகுதியான இந்தியர் எவரும் கிடைக்கவில்லை.' மேனேஜர் என்னை நம்பி, வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்டர் தபாலில் கோட்டயத்துக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு எனக்கு உட்கார முடியாமல் போனது. டைப் அடிக்கும்போது அந்த டப்பா மேசைக்குக் கீழே என் காலருகில் இருந்தது. கால் பட்டால் இழுத்துக்கொள்வேன். பெருக்க வருகிற அக்கா டப்பாவைத் தொட்டால் ஓடிப்போய் வாங்கிக்கொள்வேன். ஒருநாள் கவரை எரித்துவிடலாம் என்று எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த ஆளுடைய கையெழுத்து நினைவுக்கு வந்தது. அடித்துத் திருத்தாமல், ஒவ்வொரு எழுத்தையும் கோட்டின் மேல் நிறுத்தி எழுதியிருந்தார். மறுநாள் அதை அப்படியே திரும்பக் கொண்டுவந்து டப்பாவில் வைத்தேன்.

"என்னத்துக்குட்டி இப்படி நிலை கொள்ளாம அலையுத? வயித்துவலியா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். சுக்குத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள்.

கோட்டயத்திலிருந்து பதில் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். மற்ற வருஷங்களில் குறைந்தபட்சம் விண்ணப்பம் கிடைத்தது என்று ஒரு கார்டாவது வரும். டீமேக்கர் தினமும் ஜன்னலுக்கு வந்தார். "வரல ஐயா" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்வேன். கூச்ச சுபாவம் என்று நினைத்திருப்பார். அவருக்குப் பழைய அனுமதி முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. ஃபேக்டரியில் அவர் குரல் உயர ஆரம்பித்தது. ஒருநாள் ரோலர்காரரைத் திட்டிவிட்டு, பத்து நிமிஷத்தில் அவரிடமே போய் பீடி கேட்டு வாங்கிப் பிடித்தார்.

மூன்றாம் மாதம் ஒரு புதன்கிழமை, காலை பஸ்ஸில் ஒருவர் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் துணிப்பை. ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மேனேஜர் பீர்மேடு போயிருந்தார். டீமேக்கர் அந்த நேரம் என் மேசைக்கு எதிரில், முந்தின நாள் உற்பத்திக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வணக்கமுங்க. சக்குபள்ளத்துல இருந்து வாறேன். டீமேக்கர் வேலைக்கு ஆள் கேட்டு எழுதியிருந்தீங்கன்னு மூணு மாசம் முன்ன மனுப் போட்டேன். இல்லைன்னாலும் இல்லைன்னு ஒரு வரி வரும்னு பாத்தேன். வரல. அதான் நேருல கேட்டுப் போகலாம்னு" என்றார்.

நான் டப்பாவைக் காலால் மேசைக்கு உள்ளே தள்ளினேன்.

டீமேக்கர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் பேசிய விதம் காதில் பட்டிருக்க வேண்டும். "நீங்க அங்கிட்டா? எந்தப் பக்கம்?" என்றார். வந்தவர் ஒரு தோட்டத்தின் பெயர் சொன்னார். "அட, அந்த ஃபேக்டரி கூரை எங்க மாடியில இருந்து பாத்தா தெரியுமே!" என்று டீமேக்கர் கத்திவிட்டார். ஐந்தே நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் தெரிந்த கணக்கப்பிள்ளை, தெரிந்த மாரியம்மன் கோயில், தெரிந்த வெள்ளைக்காரத் துரை எல்லாம் பேச்சில் வந்துவிட்டது. நின்றுகொண்டிருந்தவரை டீமேக்கர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். தான் யார், எந்தப் பாஸ்போர்ட்டில் இங்கே இருக்கிறார் என்பதையும் அவரே சொன்னார். அதைக் கேட்டதும் வந்தவர் எழுந்துவிட்டார்.

"ஐயா, உங்க வேலைன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆள் இல்லைன்னு நினைச்சுத்தான் எழுதினேன்."

"உக்காருங்க. வந்தது வந்தாச்சு, ஃபேக்டரியப் பாத்துட்டுப் போங்க" என்று டீமேக்கர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர்கள் போகும் வழியெல்லாம் நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஃபேக்டரி ஆள் ஒருவர் வந்து சொன்னதுதான் இது: நிறம் மாறும் அறையில் நாலு இடத்தில் இலை பரப்பியிருந்தது. டீமேக்கர் எதுவும் கேட்கவில்லை. வந்தவர் தானாகக் குனிந்து மூன்றாவதைத் தொட்டு, "இத இப்பவே டிரையருக்கு அனுப்பணுங்க. இன்னும் பத்து நிமிஷம் விட்டா சாயம் போயிரும்" என்றிருக்கிறார். அதைத்தான் அனுப்ப டீமேக்கர் சொல்ல வாயெடுத்தாராம்.

அவருக்குச் சோறு போட்டு, மத்தியான பஸ்ஸில் ஏற்றிவிட்டு, டீமேக்கர் நேராக என் மேசைக்கு வந்தார். ஜன்னலுக்கு வெளியே நிற்காமல் உள்ளே வந்தார்.

"அவன் கடுதாசி வந்துச்சா, வரலையா? அத மட்டும் சொல்லு புள்ள."

"வந்துச்சு ஐயா."

"எப்ப?"

"மூணு மாசம் ஆவுது."

"தொரை பாத்தாரா?"

"இல்ல. நான்தான் எடுத்து வச்சிட்டேன்."

டப்பாவைத் திறந்து கவரை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பிரித்து, அந்தக் கோடு போட்ட தாளை முழுவதும் வாசித்தார்.

"எனக்காகவா?"

"உங்க வீட்டு அம்மா வரணும்ல ஐயா" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அவன் பொஞ்சாதியும் ஸ்டோர்ல பொகைக்குள்ளதான் நிக்கிறா. இப்பதான் சொல்லிட்டுப் போறான். அங்க எங்கள ஒரு துண்டுக்கு வருஷக்கணக்குல வரிசையில நிக்க வச்சாங்க. நம்ம துண்டு எவன் மேசையில கெடக்குன்னு தெரியாமலே செத்தவன் இருக்கான். நீயும் ஒரு மேசையப் போட்டு உக்காந்துட்ட, என்ன?" என்றார்.

கவரை என் முன்னால் வைத்தார். "தொரை வந்ததும் நீயே குடு. நான் சொல்ல மாட்டேன்."

சாயங்காலம் மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் கொடுத்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மலையாளி, எங்களிடம் தமிழ் கலந்து பேசுவார்; கையெழுத்தை 'ஒப்பு' என்பார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் ஒப்பிட்ட பேப்பர் அது. பொய் ஒப்பிட்டதுன்னு ஆகிப்போச்சு. அறியுமோ உனக்கு?"

"தெரியும் சார்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"டீமேக்கருக்கு."

அவர் உடனே டீமேக்கரைக் கூப்பிட்டனுப்பினார். மேனேஜர் மனதில் ஓடியது எனக்குப் புரிந்தது. கவர் தொலைந்துபோனது என்று இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அதை அவர் வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். டீமேக்கர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"தொரை, அந்தப் பாரத்துல என் பேரு இருக்கு. எனக்குப் பதிலா வேலை தெரிஞ்ச ஆளே இந்தியாவுல இல்லைன்னு எழுதியிருக்கு. இன்னைக்கு என் கையால அவனுக்குச் சோறு போட்டேன். திருத்தி எழுதுங்க. இல்லைன்னா என் விண்ணப்பத்தத் திருப்பி வாங்கிருங்க."

இரண்டாவது கடிதத்தை அன்றே அடித்தேன். முதல் கடிதத்தில் சொன்னது தவறு, தகுதியான இந்தியர் ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார், அந்தக் கடிதம் எங்கள் ஆபீசில் தவறாக ஒதுக்கி வைக்கப்பட்டது. மேனேஜர் இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். என் பெயரைப் போடவில்லை. அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க டீமேக்கரையும் என்னையும் அனுப்பினார். கேட்டால் பதில் சொல்ல நான் இருக்க வேண்டும் என்றார்.

குட்டிக்கானத்திலிருந்து இறங்கும் வளைவுகளில் எனக்கு எப்போதுமே தலைசுற்றும். அன்று இரண்டு முறை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். டீமேக்கர் பக்கத்து சீட்டில் எதுவும் பேசாமல் வந்தார். முண்டக்கயத்தில் பஸ் நின்றபோது இறங்கிப்போய் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து என் மடியில் போட்டார்.

கோட்டயத்தில் அந்தப் பிரிவில் இருந்த கிளார்க் நடுத்தர வயதுக்காரர். காதில் பென்சில். எங்கள் கடிதத்தை வாசித்தார், கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார், எழுந்துபோய் ஒரு கட்டு எடுத்து வந்தார். எங்கள் எஸ்டேட் ஃபைல். அதைப் பிரித்து ஒரு தாளைத் தட்டிக் காட்டினார். வேலைவாய்ப்பு ஆபீஸ் எங்களுக்கு அனுப்பிய அதே கடிதத்தின் நகல். சக்குபள்ளத்துக்காரரின் பெயர் அதில் இருந்தது. எங்களுக்கு வந்த தாளின் அடியில், முத்திரைக்குக் கீழே, 'நகல்: ஜில்லா ஆபீஸ்' என்று ஒரு வரி இருந்திருக்கிறது. டைப்பிஸ்டான நான் அதைப் பார்க்கவே இல்லை. அந்த ஆளுடைய எழுத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எஸ்டேட் ஒருவரும் இல்லை என்கிறது, இன்னொரு ஆபீஸ் ஒருவர் இருக்கிறார் என்கிறது. இரண்டும் ஒத்துவராததால் ஃபைலைக் கட்டி வைத்துவிட்டார்களாம். விளக்கம் கேட்டு எழுத இருந்தார்களாம். மூன்று மாதமாக டீமேக்கர் ஜன்னலில் வந்து கேட்டுக்கொண்டிருந்த பதிலை நிறுத்தி வைத்திருந்தது நான்தான்.

கிளார்க் கடுமையான ஆள் இல்லை. மலையாளத்தில் டீமேக்கரிடம் பேசினார், "பணி படிப்பிக்கான்னு காரணம் எழுது. ஆறு மாசம் கிட்டும். அது கழிஞ்ஞா கிட்டில்லா." அந்த இந்தியருக்கு ஃபேக்டரி வேலையைக் கற்றுக்கொடுத்து ஒப்படைக்க என்று காரணம் காட்டினால் ஆறு மாதம் தருவார்கள், அதற்கு மேல் இல்லை.

"பொண்டாட்டி விசா?" என்று டீமேக்கர் கேட்டார்.

கிளார்க் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "ஆறு மாசத்தினு..." என்று இழுத்துவிட்டு, கையை விரித்தார்.

அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டீமேக்கர் புது பாரத்தைக் கையால் நிரப்பினார். நான் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

ஆறு மாதம் கிடைத்தது. சக்குபள்ளத்துக்காரர் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் வந்து சேர்ந்தார். கற்றுக்கொடுக்க அதிகம் எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் காலை முதல் ஃபேக்டரியில் மல்லுக்கட்டினார்கள். ரோலரை எத்தனை நிமிஷம் விடுவது என்று ஒருநாள் தொடங்கிய சண்டை இரண்டு வாரம் நடந்தது. கடைசியில் இரண்டு விதமாகவும் செய்து, கொச்சிக்கு இரண்டு மாதிரி அனுப்பினார்கள். இரண்டுக்கும் ஒரே விலை வந்தது. அன்றைக்குத்தான் டீமேக்கர் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன்.

மனைவியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம் மூன்றாம் மாதம் வந்தது. தபால் பையைப் பிரிக்கும் வேலையை மேனேஜர் என்னிடமிருந்து எடுத்து ஹெட்கிளார்க்கிடம் கொடுத்திருந்தார். அவர் அதை என்னிடம் நீட்டி, நீயே கொண்டுபோய்க் கொடு என்றார். வேண்டுமென்றே சொன்னாரா என்று தெரியாது. மழையில் ஃபேக்டரிக்கு ஓடினேன். டீமேக்கர் வாசித்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நனைஞ்சு நிக்காத, போ" என்றார். மறுபடி டிரையர் வாய்க்குப் போய் கையை நீட்டினார்.

அவர் கிளம்பிய காலையில் மூடுபனி. ஃபேக்டரி லாரி குமுளி வரை, அங்கிருந்து மதுரை பஸ், அப்புறம் ராமேஸ்வரம் கப்பல். எல்லோரும் வந்து நின்றோம். சக்குபள்ளத்துக்காரர் அவர் காலைத் தொடக் குனிந்தார். டீமேக்கர் பதறித் தூக்கிவிட்டார். என்னிடம் வந்தார். மன்னித்தேன் என்றோ மறந்துவிடு என்றோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"புள்ள, அந்த ரெண்டாவது கடுதாசி நல்லா அடிச்சிருந்த. ஒரு பிழை இல்ல" என்றார். லாரியில் ஏறிவிட்டார்.

புது டீமேக்கர் எங்கள் எஸ்டேட்டிலேயே இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். அவருக்கு விஷயம் தெரியும். முதல் வருஷம் முழுக்க என்னிடம் வேலை தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்புறம் ஒருநாள் பெரிய மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவளுக்கு டைப்பு சொல்லிக் குடுங்க, டீச்சருக்குக் கட்டுற பீசு நான் தாறேன்" என்றார். பீஸ் வேண்டாம் என்றேன். "அப்ப வேண்டாம்" என்று திரும்பினார். வாங்கிக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

சிலோனிலிருந்து ஐயாவின் கடிதம் ஒன்றே ஒன்று வந்தது. தலைமன்னார் துறைமுகத்துக்கே மனைவி வந்து காத்திருந்தாராம். முன்னைவிடச் சின்ன ஃபேக்டரியில் வேலை, தற்காலிகம்தான், இலை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். வந்த அன்றே பதில் போட்டேன். அதற்குப் பதில் இல்லை.

சில வருஷம் கழித்து சிலோன் மலைகளில் கலவரம், லயங்களுக்குத் தீ வைத்தார்கள் என்று பேப்பரில் வர ஆரம்பித்தது. ஊர்ப் பெயர்களைத் தேடித் தேடிப் படித்தேன். அவர் எழுதியிருந்த தோட்டத்தின் பெயர் எங்கும் இல்லை. இல்லாததால் நிம்மதி வரவில்லை. அவர் இங்கேயே இருந்திருந்தால் என்று ஒரு மனம் சொல்லும். அப்போது சக்குபள்ளத்துப் புகைக்குள் நின்ற பெண் நினைவுக்கு வருவாள். புது டீமேக்கரின் மனைவியாகத் தினமும் தண்ணீர்க்குழாயில் நான் பார்க்கிற பெண் அவள். ஃபேக்டரியிலிருந்து டிரையர் சத்தம் வந்துகொண்டிருக்கும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச தூரம் நடப்பேன். எங்கே போகிறாய் என்று அம்மா கேட்பாள். சும்மாதான் என்பேன்.